பாலியில் புனித நீராடலும் சடங்கு இடங்களும்: சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாலியில் காட்டோரம், ஆற்றோரம் இருக்கிற ஓய்வில்லங்களுக்கு, அதாவது ரிட்ரீட்களுக்கு, இங்கிருந்து நம்மவர்கள் நிறையப் பேர் போகிறார்கள். யோகா, மௌனம், ரெண்டு நாள் கைப்பேசி இல்லாத நிம்மதி, கூடவே ஒரு புனித நீராடல். போவதற்கு முன்னால் கேட்கிற சந்தேகங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான், நானும் வாட்ஸ்அப்பில் அதே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் இருக்கும்.

மெலுகாட் மெலுகாட்னு சொல்றாங்களே, அது குளியலா, பூஜையா?

ரெண்டும்தான். பாலி இந்துக்கள் உடம்பையும் மனத்தையும் தண்ணீரால் சுத்தப்படுத்திக்கொள்ளச் செய்கிற சடங்குக்கு மெலுகாட் என்று பெயர். ஊற்று, அருவி, ஆறுகள் கூடுமிடம், கடல் என்று எங்கே வேண்டுமானாலும் நடக்கும். முதலில் பூத்தட்டு வைத்து வணங்குவது, அப்புறம் தண்ணீரில் இறங்குவது, கடைசியில் பூசாரி தீர்த்தம் தெளித்து முடிப்பது. வணங்காமல் நேராகத் தண்ணீரில் குதித்தால் அது வெறும் குளியல்.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களில் நீராடிவிட்டு ஈரம் மாற்றிக்கொண்டு உள்ளே சாமி பார்க்கப் போன அனுபவம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இதன் வரிசை உடனே புரிந்துவிடும். ஆனால் புரிந்துவிட்டது என்பதாலேயே எல்லாம் நம்ம ஊர் மாதிரிதான் என்று நினைத்துவிடக்கூடாது. அங்கேதான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள், கீழே பல இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அதுவும் இந்து மதம்தானே? அப்புறம் ஏன் கோயில்ல சாமி சிலையே காணோம்?

இந்து மதம்தான், சிவன், விஷ்ணு, பிரம்மா, சரஸ்வதி, இந்திரன் எல்லாரும் உண்டு. அவர்கள் தினம் மூன்று வேளை சொல்லும் திரிசந்தியா வழிபாடு காயத்ரி மந்திரத்தில்தான் தொடங்குகிறது, கேட்டால் உங்களுக்கே சிலிர்க்கும். ஆனால் கோயிலின் அமைப்பு வேறு. கருவறை, மூலவர், கோபுரம் என்று தேடிக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். கூரையில்லாத முற்றங்கள், அவற்றில் சின்னச் சின்ன சன்னிதிகள், உயரமாக ஒரு கல் ஆசனம். அந்த ஆசனத்துக்குப் பத்மாசனா என்று பெயர், அது காலியாகத்தான் இருக்கும். பரம்பொருளுக்கான இருக்கை அது, திருவிழா நாளில் தெய்வங்கள் இறங்கி வந்து அமர்வார்கள் என்பது நம்பிக்கை. சிதம்பரத்தில் திரை விலக்கிக் காட்டும் வெட்டவெளியை வணங்கியவர்களுக்கு இது ரொம்ப அந்நியமாகத் தெரியாது.

முற்றங்கள் மூன்று. வெளி முற்றம் யாரும் நடமாடலாம். நடு முற்றம் ஏற்பாடுகளுக்கு. உள் முற்றம் வழிபாட்டுக்கு மட்டும். மலைப் பக்கம் உயர்ந்தது, கடல் பக்கம் தாழ்ந்தது என்பது அவர்கள் கணக்கு. தென் பாலியில் மலை வடக்கே இருப்பதால் வீட்டுக் கோயிலை வடகிழக்கு மூலையில் வைப்பார்கள். நம்ம ஈசான்ய மூலையேதான்.

நான் பார்த்த ரிட்ரீட் விளம்பரத்துல 'புனித இடம்', 'சடங்கு மண்டபம்'னு போட்டிருக்கு. அது நிஜமாவே கோயிலா?

இது முக்கியமான கேள்வி, இதைக் கேட்காமலே பணம் கட்டிவிடுகிறார்கள். ஓய்வில்லத்துக்குள் பொதுவாக மூன்று வகையான இடங்கள் இருக்கும், மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் விளம்பரம் எழுதுவார்கள். ஒன்று, அந்த நிலத்திலேயே இருக்கிற பாலி சன்னிதி. அங்கே இந்துக்களின் எந்த வீடும் கட்டடமும் பொதுவாகச் சன்னிதி இல்லாமல் இருக்காது, புதுக் கட்டடம் என்றால் மெலாஸ்பாஸ் என்ற சடங்கு செய்துதான் குடியேறுவார்கள், நம்ம கிரகப்பிரவேசம் போல. ரெண்டாவது, நிலத்தை ஒட்டி இருக்கிற கிராமத்து ஊற்றோ கோயிலோ. அது ஓய்வில்லத்துக்குச் சொந்தம் இல்லை, ஊருக்குச் சொந்தம், வழி மட்டும்தான் இவர்கள் காட்டுகிறார்கள். மூன்றாவது, விருந்தினருக்காகக் கட்டிய மூங்கில் மண்டபம், தீக்குழி, தியானக் குடில். அழகாக இருக்கும், மனம் அடங்கும், தியானத்துக்கு நல்ல இடம், அதில் தப்பே இல்லை. ஆனால் அது கோயில் கிடையாது.

எதை எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில் யார் அங்கே பூத்தட்டு வைக்கிறார்கள் என்று பாருங்கள். பாலியில் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு வழிபாட்டு இடத்திலும் தினமும் சானாங் சாரி இருக்கும். தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டு, கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை, மேலே ஒரு ஊதுபத்தி. அதை வைக்கிற அம்மாவிடம் இந்த இடம் யாருடையது, பூசாரி யார் என்று கேட்டால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். முன்பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேளுங்கள்: சடங்கை நடத்துவது ஊர்க் கோயிலின் பெமாங்குவா அல்லது உங்கள் பயிற்சியாளரா? பெமாங்கு என்றால் கோயில் பூசாரி. பதில் நேராக வந்தால் நம்பிப் போகலாம். சுற்றி வளைத்து 'ஆற்றல்', 'அதிர்வு' என்று மட்டும் எழுதினால், நான் என்றால் அந்த இடத்தில் யோகா மட்டும் செய்துவிட்டு, நீராடலுக்குக் கிராமத்துக் கோயிலுக்குப் போய்விடுவேன்.

சரி, நீராட எங்கே போறது நல்லது?

எல்லாரும் சொல்வது தீர்த்தா எம்புல். உபுட்டுக்கு வடக்கே தம்பாக்சிரிங்கில் இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டுக் கோயில், வர்மதேவ மன்னர்கள் காலத்தது. மாயதானவன் என்ற அரசன் தண்ணீரில் நஞ்சு கலந்து தேவர்களின் படையைச் சாய்த்தான், இந்திரன் தன் கொடிக்கம்பை நிலத்தில் குத்தி இந்த ஊற்றை வரவைத்து அவர்களைப் பிழைக்க வைத்தான் என்பது தலபுராணம். உள்ளே ஊற்றுக்கண்ணில் மணலைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பொங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். போக வேண்டிய இடம்தான், ஆனால் நடுப்பகலில் போனால் ஒவ்வொரு நீர்த்தாரைக்கும் வரிசையில் நிற்க வேண்டும். காலையில் திறக்கும்போதே போய்விடுங்கள்.

கூட்டம் வேண்டாம் என்றால் அதே பக்கத்தில் மெங்கெனிங் கோயில் இருக்கிறது, செபாத்துவில் குனுங் காவி கோயில் இருக்கிறது. பல கிராமங்களில் பெஜி என்ற ஊற்றுக் கோயில் உண்டு. உபுட்டிலேயே சம்புஹானில் ரெண்டு ஓடைகள் கூடுகிற இடத்தில் குனுங் லெபா கோயில், மார்க்கண்டேய ரிஷி ஜாவாவிலிருந்து வந்து தவம் செய்ததாக அவர்கள் மரபு சொல்கிறது. பவானி கூடுதுறையில் முழுக்குப் போட்டவர்களுக்கு அந்த இடம் பிடித்துப்போகும். எனக்குக் கிராமத்து ஊற்றுகள்தான் நெருக்கம். காணிக்கை நேராக ஊருக்குப் போகிறது, பெமாங்கு அவசரப்படுத்துவதில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டியும் நம்மோடு வந்து நீராடுகிறார்.

என்ன உடுத்தணும்? வேட்டி, சேலை போதாதா?

கோயிலுக்குள் போக ஆண், பெண் இருவருமே இடுப்புக்குக் கீழே காமென் துணியும் மேலே இடைக்கச்சையும் கட்ட வேண்டும், அந்தக் கச்சைக்குச் செலெண்டாங் என்று பெயர். வேட்டி, சேலையை மரியாதையான உடையாகத்தான் பார்ப்பார்கள், ஆனால் கச்சை கட்டாமல் விடமாட்டார்கள், ஒரு துண்டை இடுப்பில் கட்டச் சொல்வார்கள். தண்ணீரில் இறங்க வேறு துணி, பெரிய கோயில்களில் வாடகைக்குக் கிடைக்கும். சேலையோடு இறங்க வேண்டாம், நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், படிகள் பாசி பிடித்து வழுக்கும். ஆண்கள் வெறும் நீச்சல் காற்சட்டையோடு இறங்குவதும் கூடாது. மாற்றுத்துணி ரெண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள், ஈரத்தோடு உள் முற்றத்துக்குப் போக முடியாது.

அசைவம் சாப்பிட்டுட்டுப் போகலாமா? எத்தனை நாள் விரதம்?

அவர்கள் பக்கம் அப்படி விதி எதுவும் வைத்திருக்கவில்லை. சொல்லப்போனால் பாலியில் பெரிய படையல்களில் கோழி, வாத்து, பன்றி எல்லாம் இருக்கும். சுத்த சைவக் குடும்பங்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது, முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். நீங்கள் விரதம் இருந்து போக ஆசைப்பட்டால் தாராளமாக இருக்கலாம், அது உங்கள் நேர்த்தி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மட்டும் போக வேண்டாம், ஊற்றுத் தண்ணீர் நன்றாகவே குளிரும்.

படிப்படியா என்ன செய்யணும்னு சொல்லுங்க அக்கா, அங்க போய் முழிச்சுட்டு நிக்கக்கூடாது.

முதலில் உட்கார்ந்து வணக்கம். பூத்தட்டை வைத்து, ஊதுபத்தி ஏற்றி, எதற்காக வந்தீர்கள் என்பதை மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். தட்டில் கொஞ்சம் பணம் வைப்பார்கள், சசாரி என்பார்கள், நம்ம தட்டுக் காணிக்கைதான். வலது கையால் வையுங்கள். அப்புறம் தண்ணீரில் இறங்கி இடது கோடித் தாரையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வலப்பக்கம் போக வேண்டும். ஒவ்வொரு தாரையிலும் கைகூப்பி, முகம் கழுவி, வாய் கொப்பளித்து, தலையைக் காட்ட வேண்டும். தீர்த்தா எம்புல்லில் சில தாரைகள் இறந்தவர்களுக்கான சடங்குகளுக்கு ஒதுக்கியவை, அவற்றைத் தாண்டிப் போக வேண்டும். எவை என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், யாரும் சொல்லாமல் விடமாட்டார்கள்.

உடை மாற்றியதும் உள் முற்றத்தில் ஐந்து முறை கைகூப்பும் வழிபாடு இருக்கும். முதலாவதும் கடைசியும் வெறுங்கையோடு, நடுவில் உள்ள மூன்றும் விரல் நுனியில் பூவோடு. பூவோடு செய்யும் முதல் வணக்கம் சூரியனுக்கு. முடிந்ததும் பெமாங்கு தீர்த்தம் தெளித்து, உள்ளங்கையில் ஊற்றுவார், மூன்று முறை பருகி மூன்று முறை முகத்தில் தடவ வேண்டும். அப்புறம் ஈர அரிசி கொடுப்பார்கள், நெற்றியில் ஒட்டிக்கொள்ள. அட்சதையைத் தலையில் போட்டுப் பழகிய நமக்கு நெற்றியில் ஒட்டுவது புதுசாக இருக்கும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். கையில் வாங்கும்போது வலது உள்ளங்கை மேலே, இடது கை கீழே தாங்கலாக. இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாதவிலக்கு நேரத்துல வந்துட்டா? பயணத்தை மாத்த முடியாது.

கோயிலுக்குள் போக முடியாது, ஊற்றுக்கோயிலில் நீராடவும் முடியாது. வாசல் பலகையிலேயே எழுதியிருப்பார்கள். 2025 மார்ச்சில் பாலி ஆளுநர் வெளிநாட்டுப் பயணிகளுக்காக வெளியிட்ட சுற்றறிக்கையிலும் இது இருக்கிறது. இந்த விதி உங்களுக்குச் சரியாகப் படாமல் இருக்கலாம், எனக்கும் இதில் முழு உடன்பாடு கிடையாது. ஆனால் இன்னொருவர் கோயிலுக்கு விருந்தாளியாகப் போகும்போது அங்கே யாரும் சோதிக்கப் போவதில்லை என்று நினைத்துச் சொல்லாமல் நுழைவது சரியில்லை. அந்த ஊர்ப் பெண்களும் அதே விதிக்குள்தான் வாழ்கிறார்கள்.

அந்த நாட்களில் மேலே சொன்ன மூன்றாவது வகை இடங்கள், அதாவது தியான மண்டபம், தோட்டம், எல்லாம் தாராளமாகப் போகலாம். சானாங் சாரி பின்னக் கற்றுக்கொடுக்கும் அம்மாக்களோடு ஒரு காலை உட்காரலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அனுமதித்தால் அருமையான பொழுது அது.

வீட்ல ஒரு சாவு, இன்னும் 16ஆம் நாள் காரியம் முடியல. மனசு சரியில்ல, போய் நீராடிட்டு வந்தா ஆறுதலா இருக்கும்னு தோணுது.

வருத்தமாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பொறுங்கள். பாலியிலும் சாவுத் தீட்டு உண்டு, சுந்தாகா என்று சொல்வார்கள், அந்தக் காலத்தில் அவர்களே கோயிலுக்குள் போகமாட்டார்கள். நம்ம முறையிலும் காரியம் முடியாமல் கோயில் வேண்டாம் என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காரியம் முடிந்தபின் போனால் ரெண்டு பக்கமும் உறுத்தல் இருக்காது. இப்போதைக்கு அமைதிதான் வேண்டும் என்றால் கோயிலுக்கும் சன்னிதிக்கும் போகாமல் ஓய்வில்லத்தில் மட்டும் ரெண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள், அதற்குத் தடை இல்லை.

தண்ணி சுத்தமா இருக்குமா? சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

ஊற்றுக்கண்ணில் வருவது தெளிவான நீர்தான். ஆனால் குளத்தில் நாள் முழுக்க எத்தனையோ பேர் இறங்குகிறார்கள், மழைக்குப் பிறகு ஆற்றுநீரும் அருவியும் கலங்கும். வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். உடம்பில் திறந்த காயம், கண்வலி, காதில் சீழ் இருந்தால் இறங்காதீர்கள். பெமாங்கு கையில் ஊற்றும் தீர்த்தம் தனி, இருந்தாலும் வயிறு சட்டென்று கெட்டுவிடும் உடல்வாகு என்றால் உதட்டில் தொட்டுக்கொண்டால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் விளையாட்டு வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். மேலே தியானம் செய்கிறவர்கள் இருப்பார்கள்.

மஞ்சள், விபூதி, கற்பூரம் எல்லாம் இங்கேர்ந்தே கொண்டு போகலாமா? தலைக்குச் சீயக்காய்?

கற்பூரத்தை மட்டும் எடுக்காதீர்கள், அது தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. விபூதி கொஞ்சம் பொட்டலத்தில் எடுத்துப் போகலாம், நீராடிய பின் இட்டுக்கொள்ளலாம். தேக்காவில் மாலை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், தேவையில்லை, அங்கே பூவுக்குப் பஞ்சமே கிடையாது, அந்த ஊர்ப் பூத்தட்டை அந்த ஊர் அம்மாவிடம் வாங்கினால் அவருக்கும் ஒரு வருமானம்.

சீயக்காய், சோப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் தண்ணீரில் போகக்கூடாது. இது வெறும் கோயில் கட்டுப்பாடு கிடையாது. ஊற்றுத் தண்ணீர் கோயிலைத் தாண்டி வாய்க்காலாக நெல் வயலுக்குப் போகிறது. அந்தப் பாசனத்தை சுபாக் என்ற உழவர் சங்கங்கள் பகிர்ந்து நடத்துகின்றன, அவற்றுக்கென்று நீர்க்கோயில்கள் தனியே உண்டு, 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் முழுகி எழுந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் நாற்றுக்குப் பாயப் போகிறது. நீர் இறங்கும் இடத்தில் பிளாஸ்டிக் பை, பூ சுற்றிய காகிதம் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

எங்க குருக்களைக் கூட்டிட்டுப் போய் ரிட்ரீட்லயே ஒரு கணபதி ஹோமம் செய்யலாமா?

விருந்தினர் மண்டபத்தில், தீக்குழி உள்ள இடத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு செய்யலாம். மூங்கிலும் அலாங் அலாங் புல் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் மட்டும் வேண்டாம், ஒரு பொறி போதும். பாலி சன்னிதி முன்னால் செய்வது என்றால் பெமாங்குவின் அனுமதி கட்டாயம் வேண்டும், சன்னிதியில் நீங்களாக அபிஷேகம், மாலை என்று ஆரம்பிக்கக்கூடாது. அவர்கள் கல்லில் பால் ஊற்றுவதில்லை. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம் என்றாலும் அடுத்தவர் பூஜையறையில் நாம் போய்ச் சாமானை மாற்றி வைக்க மாட்டோம் இல்லையா.

தரையில் வைத்திருக்கும் சின்னப் படையலை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள். பூதகணங்களுக்கு வைத்தது அது. ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தால் சுற்றிப் போங்கள்.

கூட வர்ற ஃபிரெண்ட் முஸ்லிம், இன்னொருத்தர் கிறிஸ்தவர். அவங்க என்ன செய்வாங்க?

வெளி முற்றத்தில் இருந்து பார்க்கலாம், உடை விதி அவர்களுக்கும் உண்டு. பூத்தட்டு வைப்பதோ தீர்த்தம் வாங்குவதோ வேண்டாம் என்றால் முன்னாலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை. குழுவாகப் போகிறோம் என்று யாரையும் கட்டாயப்படுத்தித் தண்ணீரில் இறக்காதீர்கள். சில ஓய்வில்லங்கள் கட்டணத்திலேயே நீராடலைச் சேர்த்துவிடும், அதற்காக யாரும் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எந்த நாள்ல போனா விசேஷம்? எந்த நாள்ல போகக்கூடாது?

பௌர்ணமியும் அமாவாசையும் அவர்களுக்கும் விசேஷம். 210 நாள் சுழற்சியில் வரும் சரஸ்வதி நாளுக்கு மறுநாள் பன்யு பினாரு, அன்று ஊரே கடலிலும் ஊற்றிலும் தலை முழுகும். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் அன்று ஊற்று அவர்களுடையது, நாம் ஒதுங்கி நிற்பதே நல்லது. நியெபி என்ற மௌன நாள் பெரும்பாலும் மார்ச்சில் வரும், 24 மணி நேரம் விமான நிலையமே மூடிவிடும், யாரும் வெளியே வரக்கூடாது, விளக்குகூட அடக்கித்தான் எரிய வேண்டும். அதற்குச் சில நாள் முன்னால் மெலாஸ்தி, கோயில் தெய்வப் பொருள்களைக் கடலுக்கோ ஏரிக்கோ ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சுத்தி செய்வார்கள். மௌனத்துக்காகவே போகிறவர்களுக்கு நியெபியைப் போல வேறு நாள் கிடையாது, அதற்கேற்ப டிக்கெட் எடுங்கள்.

ஒரு நாள் போய்வரும் கணக்குப் போட வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து விமானம் இரண்டரை மணி நேரம் சொச்சம்தான், நேர வித்தியாசமும் இல்லை, ஆனால் உபுட் சாலையில் நெரிசல் அதிகம். பாலி 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டவரிடம் தலைக்கு 1,50,000 ரூப்பியா வரி வாங்குகிறது, இணையத்திலேயே கட்டிவிட்டுப் போகலாம்.

ரிட்ரீட்ல 'ஸ்வெட் லாட்ஜ்' இருக்காம், வியர்வையில பாவம் போகும்னு சொல்றாங்க. அதுவும் பாலி சடங்கா?

இல்லை. அது அமெரிக்கப் பழங்குடிகளின் மரபு, மெக்சிகோ பக்கம் தெமஸ்கால் என்ற பெயரில் இருக்கிறது. மூடிய குடிலுக்குள் சுட்ட கற்களை வைத்துத் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்புவார்கள். அந்த மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுச் செய்கிறார்கள். பயிற்சி இல்லாதவர் கையில் அது ஆபத்து. 2009இல் அமெரிக்காவின் அரிசோனாவில் செடோனா அருகே ஒரு சுயமுன்னேற்ற முகாமில் இப்படி நடத்தியதில் மூன்று பேர் இறந்தார்கள், நடத்தியவர் சிறைக்குப் போனார்.

இரத்த அழுத்தம், இதய நோய், நீரிழிவு மருந்து, கர்ப்பம், இதில் ஏதாவது இருந்தால் வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் இஷ்டப்பட்ட நேரத்தில் வெளியே வரலாமா என்று கேளுங்கள். கடைசி வரை இருந்தால்தான் பலன் என்று சொல்லும் இடத்தில் உட்காராதீர்கள்.

'செடி மருந்து' சடங்குன்னு ஒண்ணு இரவு நடக்குதாம். காளான், ஏதோ கஷாயம். வெளிநாட்டுல தானே, பரவாயில்லையா?

கண்டிப்பாகப் போகாதீர்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டது போலவே குற்றம் என்று நம்ம போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8A பிரிவு சொல்கிறது. மந்திரக் காளானில் உள்ள சைலோசைபின், அயவாஸ்கா கஷாயத்தில் உள்ள டிஎம்டி, ரெண்டுமே கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. திரும்பி வரும்போது சோதனைச் சாவடியிலேயே சிறுநீர்ப் பரிசோதனை எடுக்க முடியும். இந்தோனேசியாவிலும் சட்டம் கடுமை.

சடங்கு, இயற்கை, மருந்து என்று எந்தப் பெயர் வைத்தாலும் சட்டத்துக்கு அது ஒன்றுதான். தேநீர் என்று சொல்லிக் கொடுத்தாலும் என்ன இலை என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

நீராடும்போது படம், வீடியோ எடுக்கலாமா?

வெளி முற்றத்தில் எடுக்கலாம். வணங்குகிறவர் முகத்துக்கு நேராக வேண்டாம், பூசாரியைவிட உயரமான இடத்தில் ஏறி நின்று எடுக்க வேண்டாம், சன்னிதி மேல் ஏறவே கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி சுற்றிய மரமும் கல்லும் தெய்வம் உறைகிற இடம். 2022இல் தபானானில் அப்படி ஒரு பழைய மரத்தில் நிர்வாணமாகப் படம் எடுத்துப் போட்ட ரஷ்யத் தம்பதியை நாடு கடத்தினார்கள். நம்மவர்கள் அந்த அளவுக்குப் போவதில்லை, ஆனால் நனைந்த துணியோடு ரீல்ஸ் எடுப்பதைப் பார்க்கிறேன், பக்கத்தில் ஒரு குடும்பம் அழுதுகொண்டே வேண்டிக்கொண்டிருக்கும். முதலில் நீராடி முடியுங்கள், அப்புறம் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அஸ்தி வீட்ல இருக்கு. பாலி ஆத்துல கரைச்சா புண்ணியம்னு ஒருத்தர் சொன்னார்.

ஊற்றிலோ ஓய்வில்லத்து ஆற்றிலோ கரைக்கக்கூடாது. பாலி மக்களே தங்கள் முறையில் தகனம் முடிந்ததும் சாம்பலைக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள், ஊற்றுக்கு இல்லை. சோப்பைப் பற்றிச் சொன்னேனே, அந்தத் தண்ணீர் போகிற வழியை நினைத்துப் பாருங்கள். விமானத்தில் அஸ்தி கொண்டுபோகக் காகிதங்களும் வேண்டும்.

சிங்கப்பூரிலேயே மரியாதையான வழி இருக்கிறது. செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில் கடலில் கரைக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், படகு ஏற்பாடு செய்து குருக்களோடு போகலாம். கடலுக்குப் போக முடியாத வயதானவர்கள் இருந்தால் சுவா சூ காங்கில் 2021இல் திறந்த அமைதிப் பூந்தோட்டம் இருக்கிறது, ஆனால் அங்கே எந்தச் சமயச் சடங்கும் செய்ய முடியாது. மந்திரம், தர்ப்பணம் வேண்டும் என்கிற குடும்பங்களுக்குக் கடல்தான் பொருந்தும்.

தீர்த்தத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வரலாமா?

பெமாங்குவிடம் கேட்டு வாங்கிய தீர்த்தம் என்றால் கொண்டு வரலாம். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் புட்டி விடமாட்டார்கள், பெட்டியில் இறுக்கி மூடி வையுங்கள். வீட்டில் தெளிக்க, பூஜையறையில் வைக்க. நாள் கணக்கில் வைத்துக் குடிக்க வேண்டாம். திறந்த சொம்பில் வைத்துவிட்டு மறந்தால் கொசு முட்டையிடும், டெங்கி அதிகாரி வந்தால் தீர்த்தம் என்று சொல்லித் தப்ப முடியாது. செடி, விதை, வேரோடு எதையும் எடுத்து வராதீர்கள், அதற்கு அனுமதியும் செடிச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும்.

இவ்வளவு தூரம் போகணுமா? இங்கேயே ஏதாவது பூங்காவுல செய்ய முடியாதா?

தேசியப் பூங்காக் கழகத்தின் பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் நீங்களாகத் தீ மூட்ட முடியாது, செடி கொடி பறிக்கக்கூடாது, படையலை விட்டுவிட்டு வரவும் கூடாது. செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா 2020 ஜனவரியில் புதுப்பித்துத் திறந்தது, கால் நனைத்து உட்காரலாம், முட்டை வேகவைக்கலாம், மனசுக்கு இதம். ஆனால் அது சடங்குக்கான இடம் இல்லை.

மரத்தடி வழிபாட்டின் வாசனை வேண்டும் என்றால் ஈசூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது, செம்பவாங்கில் ஒரு மரத்தடியில் தொடங்கிய கோயில் அது. புண்யாகவாசனம், கலச தீர்த்தம், வீட்டுக்கு நவக்கிரக சாந்தி எல்லாம் நம்ம கோயில்களிலேயே செய்து தருவார்கள். சுத்திகரணம் மட்டும்தான் தேவை என்றால் விமானம் ஏற வேண்டிய அவசியமே இல்லை. ஊற்று, காடு, இன்னொரு இந்து சமூகம் எப்படிக் கும்பிடுகிறது என்று பார்க்கும் ஆசை, இதற்காகப் போங்கள்.

அங்க ஒரு வைத்தியர் பார்த்துட்டு எனக்குப் பெரிய தோஷம் இருக்கு, இன்னும் மூணு மெலுகாட் செய்யணும்னு பணம் கேட்டார். செய்யலையின்னா ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது. பாலியில் பாலியான் என்ற பாரம்பரிய வைத்தியர்கள் இருக்கிறார்கள், ஊர்மக்கள் மதிக்கிற நல்லவர்கள் நிறைய. பூத்தட்டில் நாம் வைக்கிற காணிக்கையை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். முதல் சந்திப்பிலேயே பயம் காட்டி, தொகை சொல்லி, அடுத்த தவணைக்கு நாள் குறிப்பவர் வேறு ரகம். நம்ம ஊரிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். எழுந்து கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தக் கிராமத்துப் பெமாங்குவிடம் கேளுங்கள், அவர் ஒரு பூத்தட்டு வைத்து வணங்கச் சொல்லி அனுப்புவார்.

இன்னொன்று, மனச்சோர்வுக்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுப்பவர்கள் நீராடிய நாளோடு அதை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். பயணத்திலும் மாத்திரைப் பெட்டி கைப்பையிலேயே இருக்கட்டும், மருத்துவர் எழுதிய சீட்டின் நகலோடு.